பூனையின் குடற்புழு மருந்து: ஒரு தேர்வின் வரலாறு

பூனைக்குக் குடற்புழு நீக்க மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை இன்று மருந்துக்கடையில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தேர்வுக்குள், குடலில் இருப்பது எந்தப் புழு, அது எந்த வழியாக வந்தது, அதைக் கொல்லும் மருந்தைப் பூனையின் உடல் தாங்குமா என்று மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன; அம்மூன்றுக்கும் விடை காண மருத்துவ உலகுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடித்தது. கிடைத்த விடைகளிலும் பெரும்பாலானவை பூனையின்மீது கொண்ட அக்கறையால் கிடைத்தவை அல்ல. குதிரைக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் மனிதனுக்கும் நடந்த ஆய்வுகளின் ஓரத்தில்தான் பூனை இருந்தது. அவற்றுக்கென உருவான மருந்தின் அளவைக் குறைத்துப் பூனையின் வாயில் ஊற்றுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஆகவே பூனைக்கான குடற்புழு மருந்தின் வரலாறு, பூனை என்பது உருவில் சிறிய நாய் அன்று என்பதை மருத்துவர்கள் படிப்படியாக, பல பூனைகளின் உயிரை விலையாகக் கொடுத்து, கற்றுக்கொண்ட வரலாறாகவே அமைகிறது.

ஐரோப்பாவின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிகள் 1760களில் பிரான்சின் லியோன் நகரிலும் பாரிசை அடுத்த அல்ஃபோரிலும் தொடங்கப்பட்டபோது, மாடுகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடித்த வெக்கை நோயும் படைக்குதிரைகளின் நலமுமே அவற்றின் முதற்கவலைகளாக இருந்தன. 1791இல் லண்டனில் தோன்றிய கல்லூரியும் குதிரையை மையமாகக் கொண்டே பாடம் நடத்தியது. எலி பிடிப்பதற்காக வீட்டிலும் தானியக் கிடங்கிலும் விடப்பட்ட பூனை நோயுற்றால், அதன் இடத்தை இன்னொரு பூனை நிரப்பியது. அதற்காகக் காசு செலவழித்து மருத்துவரை அழைப்பவர் அரியர். இந்நிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மாறத் தொடங்கியது. 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஓவியர் ஹாரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சிக்குப் பின்னர், வம்சம் பார்த்து வளர்க்கப்படும் பூனைகளுக்கு விலையும் மதிப்பும் ஏற்பட்டன. வயிறு உப்பி, மயிர் பொலிவிழந்து, தின்றும் தேறாத ஒரு குட்டி அப்போதுதான் உரிமையாளருக்குப் பணநட்டமாகவும் தெரிந்தது.

அக்காலத்து மருந்துப் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் தாவரப் பொருள்களே. நாடாப்புழுவுக்கு, அதாவது பட்டையான நாடாபோல் பல கணுக்கள் கோத்து நீளும் புழுவுக்கு, ஐரோப்பாவில் மிகுந்த புகழ் பெற்றிருந்தது ஆண் பெரணி எனப்படும் பெரணிச் செடியின் கிழங்கு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நூஃபர் என்னும் பெண்மணி இரகசியமாக வைத்திருந்த அம்மருந்து முறையை, பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி 1775இல் 18,000 லிவர் கொடுத்து வாங்கி மக்களுக்கு வெளியிடச் செய்தார். உருளைப்புழுவுக்கு மத்திய ஆசியாவின் ஆர்ட்டெமிசியா செடியின் மொட்டுகள் பயன்பட்டன. அவற்றிலிருந்து 1830இல் பிரித்தெடுக்கப்பட்ட சாண்டோனின் என்ற படிகப்பொருளுக்குத் தேவை பெருகியதால், 1880களில் இன்றைய கஜகஸ்தானின் சிம்கென்ட் நகரில் அதற்கெனவே ஒரு தொழிற்சாலை எழுந்தது. எத்தியோப்பியாவிலிருந்து கூசோ பூக்களும், இந்தியாவிலிருந்து கபிலப்பொடியும் பாக்கும் லண்டன் மருந்துக் கடைகளுக்குச் சென்றன. கபிலப்பொடி என்பது கபிலா மரத்தின் காய்மேல் படியும் செந்நிறத் தூள்; பட்டுக்குச் சாயமேற்றவும் வயிற்றுப் புழுவைக் கழிக்கவும் இந்தியாவில் பன்னெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த அது, வாய்விடங்கத்தையும் புரசம் விதையையும் போல இந்நாட்டு மருத்துவ மரபின் புழுக்கொல்லி வரிசையைச் சேர்ந்தது.

இம்மருந்துகள் அனைத்துக்கும் பின்னால் ஒரே சிகிச்சை முறைதான் இருந்தது. முதல்நாள் பட்டினி போட்டு, மறுநாள் புழுவை மயக்கும் பொருளைக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ ஊற்றி, மயங்கிய புழுவைக் குடலிலிருந்து வெளியேற்றுவதே அம்முறை. தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்த பழக்கத்தின் அடிப்படையும் இதுவே. ஆயினும் பட்டினியும் பேதியும் இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள பூனையை எவ்வளவு தளர்த்தும் என்பதை அக்காலக் கைந்நூல்கள் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. பெரணிச் சாற்றின் நச்சுப்பொருள் எண்ணெயில் கரையும் தன்மையுடையது. ஆகவே அதன்பின் விளக்கெண்ணெய் கொடுத்தால், புழுவை மட்டும் தாக்க வேண்டிய நஞ்சு விலங்கின் உடலுக்குள்ளும் ஏறிவிடக்கூடும். இதை மருந்தியலாளர்கள் உணர்ந்து எச்சரித்த பிறகுதான் அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் குறைந்தது.

இவ்வரிசையில் பாக்கின் கதை தனியே சொல்லத் தக்கது. தென்னாசியர் வெற்றிலையோடு மெல்லும் அதே பாக்கைத் துருவிப் பொடியாக்கி, நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாகக் கொடுப்பது விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற காரப்பொருள் 1888இல் பிரித்தெடுக்கப்பட்டபின், அதன் உப்பு அளவு கணித்துக் கொடுக்கக்கூடிய மருந்தாயிற்று. நாய்களிடமிருந்து மனிதருக்குப் பரவி ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் ஒருவகை நாடாப்புழுவை ஒழிக்க, நியூசிலாந்து 1959இல் தனிச் சட்டமே இயற்றி, ஊர்தோறும் நாய்களை ஓரிடத்தில் திரட்டி அரிகோலின் கொடுத்துக் கழியச் செய்து, மலத்தில் புழு இருக்கிறதா என்று ஆராயும் ஏற்பாட்டை நடத்தியது. நாய்க்கு இவ்வளவு பயன்பட்ட மருந்து பூனைக்குக் கேடாகவே அமைந்தது. அரிகோலின் குடலை மட்டும் தூண்டுவதில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் மூச்சுக்குழாயின் சளிச் சுரப்பிகளையும் சேர்த்தே தூண்டுகிறது. பூனையின் மூச்சுக்குழாய்களில் அச்சுரப்பு மிகுதியாகப் பெருகி, மருந்துண்ட பூனை தன் சளியிலேயே மூச்சு முட்டும் நிலைக்கு உள்ளாகும். இதனால் அரிகோலின் பூனைக்கு ஆகாது என்ற எச்சரிக்கை கால்நடை மருத்துவ நூல்களில் நிலைபெற்றது. ஒரே புழு, ஒரே மருந்து என்றாலும் ஓம்புயிர், அதாவது புழு தங்கி வாழும் விலங்கு, மாறினால் விளைவு முற்றிலும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மருந்து ஒருபுறம் இருக்க, புழு எங்கிருந்து வருகிறது என்பதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தீராத வழக்காக இருந்தது. குடலிலுள்ள அழுக்கிலிருந்து புழு தானாகவே தோன்றுகிறது என்று கற்றறிந்தோர் பலரும் நம்பினர். அவ்வாறு நம்பும்வரை, ஒருமுறை கழியவைத்த பூனைக்கு இரண்டே மாதத்தில் மீண்டும் புழு காண்பதற்கு மருந்தையோ பூனையின் உடல்வாகையோ குறை சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. இந்நம்பிக்கையை உடைத்த ஆய்வுகளில் பூனைக்கும் எலிக்கும் சிறப்பான இடம் உண்டு. எலியின் ஈரலில் காணப்படும் கொப்புளப்புழுவின் தலையும் பூனையின் குடலில் வாழும் தடித்த கழுத்துடைய நாடாப்புழுவின் தலையும் ஒன்றுபோல் இருப்பதை ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் ஃபொன் ஜீபோல்ட் 1840களில் சுட்டிக்காட்டினார். ஆயினும் கொப்புளப்புழு வழிதவறித் தகாத விலங்குக்குள் புகுந்து, நீர் கோத்துச் சீர்கெட்டுப்போன நாடாப்புழு என்றே அவர் கருதினார். ஃபிரீட்ரிஷ் கியூக்கென்மைஸ்டர் என்ற மருத்துவர் 1851 முதல் முயலின் கொப்புளப்புழுக்களை நாய்களுக்கு ஊட்டி, அவை குடலில் முழு நாடாப்புழுக்களாக வளர்வதை மெய்ப்பித்தார். ருடால்ஃப் லாய்க்கார்ட் எதிர்த்திசையில் சென்று, பூனையின் நாடாப்புழு முட்டைகளைச் சுண்டெலிகளுக்கு ஊட்டி, அவற்றின் ஈரலில் கொப்புளங்கள் உருவாவதைப் படிப்படியாகக் கண்டு, 1856இல் தம் நூலில் விளக்கினார். கொப்புளப்புழு சீர்கெட்ட புழு அன்று என்பதும், எலிக்குள் காத்திருந்து பூனை அந்த எலியைத் தின்னும்போது முழுவளர்ச்சி அடையும் இளம்பருவமே அது என்பதும் இவ்வாறு உறுதியாயின. வேட்டையாடும் பூனைக்கும் வீட்டைவிட்டு வெளியேறாத பூனைக்கும் ஒரே மருந்து முறை பொருந்தாது என்ற இன்றைய மருத்துவ வழக்கத்தின் வேர் இந்த எலி ஆய்வுகளில்தான் இருக்கிறது.

வெளியே செல்லாத பூனைக்கும் நாடாப்புழு வந்தது ஏன் என்ற கேள்விக்கு விடை வேறிடத்தில் இருந்தது. பூனையின் ஆசனவாய் மயிரிலும் அது படுத்தெழுந்த துணியிலும், அரிசி மணி அளவில் வெளிர்நிறத் துணுக்குகள் ஒட்டியிருப்பதைப் பூனை வளர்ப்போர் அடிக்கடி காண்பர். புதிதாக விழுந்த துணுக்கு மெல்லச் சுருங்கி விரிந்து நகரும். காய்ந்தபின் மஞ்சள் பாய்ந்து கெட்டிப்படும். அது நாடாப்புழுவின் கடைசிக் கணு. அதனுள் பத்து, இருபது முட்டைகள் சேர்ந்த பொதிகள் நிறைந்திருக்கின்றன. இவ்வகைப் புழுவின் இளம்பருவத்தை ரஷ்ய ஆய்வாளர் மெல்னிகோவ் 1869இல் நாய்ப்பேனின் உடலுக்குள் கண்டார். 1880களின் இறுதியில் இத்தாலியின் கிராஸ்ஸியும் ரொவெல்லியும் தெள்ளுப்பூச்சிக்குள் அதைக் கண்டு, இதுவே முதன்மையான வழி என்று நிறுவினர். வளர்ந்த தெள்ளுப்பூச்சியின் குத்திக் குடிக்கும் வாயால் முட்டையை விழுங்க இயலாது. பூனையின் படுக்கையில் கிடக்கும் தெள்ளுப்பூச்சியின் புழுப்பருவம்தான் அம்முட்டைகளைத் தின்கிறது. பின்னர் அது கூட்டுப்புழுவாகி, பூச்சியாகிப் பூனையின்மேல் ஏறும்போது, உடலை நக்கித் துப்புரவு செய்யும் பூனை அதை விழுங்குகிறது. எனவே எவ்வளவு வீரியமான மருந்தால் நாடாப்புழுவைக் கொன்றாலும், தெள்ளுப்பூச்சியை விட்டுவைத்தால் சில வாரங்களில் மீண்டும் அதே துணுக்குகள் தோன்றும். மருந்து பலிக்கவில்லை என்று இன்றும் மருத்துவரிடம் வரும் முறையீடுகளில் பெரும்பகுதியை இந்த ஒரு செய்தி விளக்கிவிடுகிறது.

புழுவின் வாழ்க்கை தெளிவான பிறகும், எந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்க முறையான அளவுகோல் இல்லாதிருந்தது. மருந்து கொடுத்தபின் சில புழுக்கள் வெளிவந்தால் மருந்து பலித்தது என்று கொண்டனர். உள்ளே எத்தனை எஞ்சின என்று எவரும் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்டு விடை காணும் முறையை வகுத்தவர் அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய மாரிஸ் ஹால். மருந்து கொடுத்த விலங்கின் மலம் முழுவதையும் நாள்தோறும் அலசி வெளிவந்த புழுக்களை எண்ணி, பின்னர் அவ்விலங்கைக் கொன்று குடலைத் திறந்து எஞ்சிய புழுக்களையும் எண்ணி, இரண்டையும் ஒப்பிட்டு மருந்தின் திறனை விழுக்காட்டில் கூறுவதே அவருடைய முறை. 1910களில் தொடங்கி அவர் நடத்திய இச்சோதனைகளில், பல தலைமுறைகளாக நம்பிக்கையோடு கொடுக்கப்பட்ட மருந்துகள் பல, சொன்ன வேலையில் சிறுபங்கையே செய்தன என்பது வெளிப்பட்டது. விலங்குகளைக் கொன்று பெற்ற இந்த அறிவு கடுமையான விலையுடையது என்பதை மறுக்க இயலாது; எனினும் குருட்டு நம்பிக்கையால் அதைவிடப் பன்மடங்கு விலங்குகள் வீணாக நஞ்சூட்டப்பட்டு வந்ததையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும்.

1921இல் ஹால், கார்பன் டெட்ராகுளோரைடு என்ற சலவைத் திரவம் நாயின் கொக்கிப்புழுவைப் பெரும்பாலும் முழுமையாக அகற்றுவதைக் கண்டறிந்து, மனிதருக்குப் பரிந்துரைக்கும் முன் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். கொக்கிப்புழு என்பது குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் சிறு புழு. வெப்ப நாடுகளின் தோட்டத் தொழிலாளரிடையே அது உண்டாக்கிய சோகை ஒரு பெருந்துயரமாக இருந்ததால், இலட்சக்கணக்கான மனிதருக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. ஈரலைக் கெடுக்கும் அதன் குணம் வெளிப்பட்டபோது, ஹாலும் அவருடைய உடன் ஆய்வாளரும் 1925இல் முன்வைத்த டெட்ராகுளோரோஎத்திலீன் அதன் இடத்தைப் பிடித்தது. இத்திரவத்தை ஜெலட்டின் உறையில் அடைத்து, பட்டினி கிடந்த நாய்க்கும் பூனைக்கும் பல பத்தாண்டுகள் கொடுத்தனர். நாய் உறையை அப்படியே விழுங்கிவிடும். பூனையோ வாயில் வைத்ததைக் கடித்துப் பார்த்துத் துப்ப முயலும். உறை உடைந்து திரவத்தின் ஆவி நுரையீரலுக்குள் ஏறினால் பூனை மயங்கும். சில வேளைகளில் மீளாது.

பூனையின் உடல் ஏன் இவ்வாறு பல மருந்துகளுக்கு இடம்கொடுப்பதில்லை என்பதற்கான வேதியியல் காரணங்களில் ஒன்று 1958இல் துலங்கியது. பாலூட்டிகளின் ஈரல், தனக்குள் வரும் நஞ்சுகள் பலவற்றோடு குளுக்குரோனிக் அமிலத்தைப் பிணைத்து, நீரில் கரையும்படி செய்து சிறுநீரில் வெளியேற்றுகிறது. ராபின்சன், வில்லியம்ஸ் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள், பூனையின் ஈரலில் இவ்வினை பல பொருள்களுக்கு மிகக் குறைவாகவே நிகழ்கிறது என்று அவ்வாண்டில் காட்டினர். மனிதரிடம் இவ்வேலையைச் செய்யும் நொதிகளுள் ஒன்றுக்கான மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது என்பது 2000ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று. ஊனை மட்டுமே உண்டு வாழ்ந்த மூதாதையரின் வழியில் வந்த பூனைக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் தேவை எழவில்லை. அதனால் அம்மரபணு கெட்டபோதும் இழப்பு ஏற்படவில்லை என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். பீனால் வகைப் பொருள்கள், பாராசிட்டமால், பிற்காலத்தில் நாய்களின் தெள்ளுப்பூச்சிக்கென வந்த பெர்மெத்ரின் சொட்டு மருந்து ஆகியவை பூனையைக் கொல்வதற்கு இக்குறைபாட்டோடு தொடர்பு உண்டு. நாய்க்கு வாங்கிய மருந்தில் பாதியைப் பூனைக்கு வைக்கும் பழக்கம் எவ்வளவு கொடியது என்பது இதிலிருந்து விளங்கும். அளவைப் பாதியாக்குவது எடையைத்தான் ஈடுசெய்யும், ஈரலின் இயலாமையை ஈடுசெய்யாது.

பூனையை நாயின் நிழலாகக் காணும் போக்கு புழுக்களின் வகைப்பாட்டிலும் நீண்டகாலம் இருந்தது. பூனைக்கே உரிய கொக்கிப்புழு 1800இலேயே விவரிக்கப்பட்டிருந்தும், அது நாயின் கொக்கிப்புழுவே என்று பலரும் ஒதுக்கிவிட்டனர். 1962இல் பர்ரோஸ் என்பவர் இரண்டையும் அங்கம் அங்கமாக ஒப்பிட்டு அவை வெவ்வேறு இனங்கள் என்று மீண்டும் நிலைநாட்டினார். இலங்கையைச் சேர்ந்த ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுத்த கொக்கிப்புழுவை ஆர்தர் லோஸ் 1911இல் விவரித்து, அத்தீவின் பெயரையே அதற்கு இட்டார்; இரண்டே ஆண்டுகளில் கல்கத்தாவில் கிளேட்டன் லேன் அதை மனிதரிடமும் கண்டார். ஆயினும் அதுவும் பிரேசிலில் விவரிக்கப்பட்ட இன்னொரு புழுவோடு ஒன்றாக எண்ணப்பட்டு, 1951இல்தான் பியோக்காவால் மறுபடி பிரிக்கப்பட்டது. இப்பிரிவினை வெறும் ஏட்டுக் கணக்கன்று. பிரேசில் இனத்தின் இளம்புழு மனிதத் தோலுக்குள் நெளிந்து சிவந்த தடங்களை உண்டாக்குவதோடு நின்றுவிடும். இலங்கை இனமோ மனிதக் குடலிலேயே வளர்ந்து இரத்தம் குடிக்க வல்லது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பூனை, நாய்களுக்குக் கொக்கிப்புழு மருந்து தேர்ந்தெடுப்பது அவ்வீட்டு மனிதரின் நலத்தையும் தொடுவது இதனால்தான்.

மனிதக் குழந்தைகளைப் பற்றிய அச்சமே உருளைப்புழு மருந்தின் வரலாற்றையும் வேகப்படுத்தியது. 1950இல் ஹெலனார் வைல்டர் என்ற அமெரிக்க நோய்க்குறியியலாளர், புற்று என்று ஐயுற்று அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பலவற்றில் புழுக்களின் இளம்பருவம் இருந்ததைக் கண்டார். 1952இல் நியூ ஆர்லியன்ஸில் பால் பீவரும் அவருடைய குழுவினரும், நாய், பூனை உருளைப்புழுக்களின் முட்டையை மண்ணோடு விழுங்கும் குழந்தைகளின் உள்ளுறுப்புகளில் இளம்புழுக்கள் அலைவதால் உண்டாகும் நோயை விவரித்தனர். நான்கே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஸ்ப்ரென்ட், பூனை உருளைப்புழுவின் வாழ்க்கைச் சுற்றை முழுமையாக ஆராய்ந்து, எலியின் திசுக்களிலும் அதன் இளம்புழு தங்கியிருந்து பூனைக்குத் தொற்றும் என்று எழுதினார். 1971இல் தாய்ப்பூனையின் பால்வழியாகக் குட்டிகளுக்கு இளம்புழு செல்வது தெரியவந்தது. நாயின் குட்டிகளுக்குக் கருவிலேயே புழு தொற்றிவிடும். பூனையின் குட்டிகளுக்கு அவ்வாறு தொற்றுவதில்லை, பால்வழியாகவே தொற்றுகிறது. நாய்க்குட்டிக்கு இரண்டு வார வயதிலும் பூனைக்குட்டிக்கு மூன்று வார வயதிலும் முதல் மருந்து கொடுக்க வேண்டும் என்று இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் கூறுவதன் காரணம் இந்த ஒரு வேறுபாடே.

மூன்று வாரக் குட்டிக்குக் கொடுக்கத்தக்க மென்மையான மருந்து அதற்குள் கிடைத்திருந்தது. கீல்வாதத்துக்கெனப் பழங்காலத்தில் விற்கப்பட்ட பிப்பரசீன், உருளைப்புழுவை வெளியேற்றும் என்பது 1949இல் பிரான்சில் அறியப்பட்டது. அது புழுவைக் கொல்வதில்லை. தசையைத் தளர்த்திவிடுவதால், பிடிப்பிழந்த புழு குடலின் இயல்பான அசைவிலேயே உயிரோடு வெளியேறிவிடும். பட்டினியும் பேதியும் தேவையற்றுப் போயின. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் தலைமையில் லெடர்லே ஆய்வகம் 1947இல் வெளியிட்ட டையெத்தில்கார்பமசீன், பிப்பரசீனின் நெருங்கிய உறவுப்பொருள்; யானைக்கால் நோய்க்கு மருந்தாகத் தமிழ்நாடு நன்கறிந்த அது, செல்ல விலங்குகளின் உருளைப்புழுவுக்கும் பயன்பட்டது. 1966இல் அறிவிக்கப்பட்ட பைரன்டெல், உருளைப்புழு, கொக்கிப்புழு இரண்டையும் தாக்கக்கூடியது. அதன் எம்போனேட் உப்பு குடலிலிருந்து இரத்தத்தில் அதிகம் ஏறாததால் குட்டிகளும் அதைத் தாங்கின. பைரன்டெல் புழுவின் தசையை இறுக்கிச் செயலிழக்கச் செய்வது. பிப்பரசீன் அதைத் தளர்த்துவது. ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடுமாதலால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தலாகாது.

நாடாப்புழுவுக்கான நல்ல மருந்து மேலும் தாமதமாகவே வந்தது. 1960களில் வந்த புனாமிடின், மாத்திரையை உடைத்தால் வாய்ப்புண் ஏற்படும், மருந்துண்ட விலங்கை ஓடவோ கிளர்ச்சியுறவோ விட்டால் இதயம் திடீரென நின்றுவிடக்கூடும் என்ற எச்சரிக்கைகளோடுதான் விற்கப்பட்டது. ஜெர்மனியின் மெர்க், பேயர் நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்து, 1975இல் கால்நடை மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்த பிராசிகுவான்டெல் இந்நிலையை அடியோடு மாற்றியது. கிலோ எடைக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை கொடுத்தால், எலி வழியாக வரும் நாடாப்புழுவும் தெள்ளுப்பூச்சி வழியாக வரும் நாடாப்புழுவும் அழிந்தன. புழுவின் தசை சட்டென இறுகி, மேல்தோல் சிதைந்து, உடல் குடலிலேயே செரித்துவிடுவதால், வெளியே புழு எதுவும் வராது. பழைய மருந்துகளுக்குப் பழகியிருந்தவர்கள் மருந்து வேலை செய்யவில்லையோ என்று தொடக்கத்தில் ஐயுற்றதற்கு இதுவே காரணம். புழுவின் உடலில் இம்மருந்து பற்றும் இலக்கு எது என்பது 2019இல்தான், அதாவது அது பயன்பாட்டுக்கு வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், தெளிவாயிற்று.

பிராசிகுவான்டெலின் கசப்பு இன்னொரு சிக்கலை வெளிப்படுத்தியது. கசப்பு நாவில் பட்டதும் பூனை நுரைநுரையாக உமிழ்நீரை வடித்து மாத்திரையைத் தள்ளிவிடும். மருந்து எவ்வளவு சிறந்ததாயினும் உள்ளே செல்லாவிட்டால் பயனில்லை என்பதால், சிறிய, மேற்பூச்சிட்ட மாத்திரைகளும் ஊசி மருந்தும் உருவாயின. அடுத்த பெரும் மாற்றம் தோல்வழியாக வந்தது. ஜப்பானின் இட்டோ நகருக்கு அருகே எடுத்த மண்ணில் சாதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரியிலிருந்து, வில்லியம் கேம்பெல் உள்ளிட்ட அமெரிக்க மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கி 1981இல் சந்தைக்கு வந்த ஐவர்மெக்டின் இருவருக்கும் 2015இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அம்மருந்துக் குடும்பத்தில் நாய், பூனைகளுக்கெனவே 1999இல் வந்த செலாமெக்டினைக் கழுத்தின் பின்புறம் மயிரை விலக்கித் தோலில் சொட்டினால் போதும். பூனையின் நாக்கு எட்டாத இடம் அது. அம்மருந்து உருளைப்புழு, கொக்கிப்புழு, தெள்ளுப்பூச்சி, காதுச் சிற்றுண்ணி ஆகியவற்றைத் தாக்கினாலும் நாடாப்புழுவை நேரடியாகத் தொடுவதில்லை. ஜப்பானில் கமேலியா செடியின் இலையில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து பிறந்த எமோடெப்சைடும் பிராசிகுவான்டெலும் சேர்ந்து 2005இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சொட்டு மருந்து, தோல்வழியாகவே உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு மூன்றையும் அகற்றும் திறன் பெற்றிருந்தது. நாய்க்கென்று செய்து குறைத்துக் கொடுக்காமல், பூனையின் இயல்பை எண்ணியே வடிவமைக்கப்பட்ட புழு மருந்து என்று இதைச் சொல்லலாம்.

இன்று மருந்துகள் போதாமை ஒரு குறையன்று. எதை, எவ்வளவு அடிக்கடி என்பதே விவாதம். வெளியே சென்றுவரும் பூனைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை மருந்து கொடுக்குமாறு ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் கூறுகின்றன; விழுங்கிய உருளைப்புழு முட்டை வளர்ந்து தானும் முட்டையிட ஏறத்தாழ 8 வாரங்கள் ஆவதால், ஆண்டுக்கு ஓரிரு முறை கொடுப்பது பூனையின் மலத்தில் முட்டை வெளியேறுவதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. மற்றொரு சாரார், மலத்தைச் சோதித்துப் புழு இருந்தால் மட்டும் மருந்து கொடுப்பதே முறை என்கின்றனர். செறிந்த உப்புக்கரைசலில் மலத்தைக் கரைத்து, மிதந்து வரும் முட்டைகளை நுண்ணோக்கியில் காணும் அச்சோதனை 1921இல் வில்லிஸ் விவரித்த எளிய முறையின் வழிவந்தது. உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் அது நன்கு உதவும். தெள்ளுப்பூச்சி வழி வரும் நாடாப்புழுவின் முட்டைகளோ கணுவுக்குள்ளேயே அடைபட்டு வெளியேறுவதால் அதில் அரிதாகவே தென்படுகின்றன. அங்கே பூனையின் படுக்கையைக் கண்ணால் பார்ப்பதே சிறந்த சோதனை. வழக்கமாகக் கொடுப்பதா, சோதித்துக் கொடுப்பதா என்ற இவ்வழக்கில், வேட்டையாடும் பூனையும் சிறு குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் முதல் வழியும், வாசலைத் தாண்டாத பூனைக்கு இரண்டாம் வழியும் பொருந்துகின்றன. எல்லாப் பூனைக்கும் ஒரே அட்டவணை என்பது பழைய காலத்து நாய் மருந்துப் பழக்கத்தின் எச்சமே. 2018இல் அமெரிக்காவில் நாய்களிடம் பிராசிகுவான்டெலுக்கு மசியாத தெள்ளுப்பூச்சி நாடாப்புழுக்கள் கண்டறியப்பட்டதும், பந்தய நாய்களின் கொக்கிப்புழுக்கள் ஒரே நேரத்தில் பல மருந்துகளை எதிர்த்து நிற்பதும், தேவையின்றி மருந்தை வாரி வழங்குவதற்கு எதிரான வலுவான சான்றுகள். பூனையின் புழுக்களும் அவ்வழியில் செல்லாதிருக்க, எடையைச் சரியாக நிறுத்து, முழு அளவில், காணப்பட்ட புழுவுக்கு உரிய மருந்தைக் கொடுத்து, சில வாரங்கள் கழித்து மலத்தை மறுபடி சோதித்து மருந்து பலித்ததா என்று பார்க்க வேண்டும் என்பதே ஒட்டுண்ணியியலாளர்களின் இன்றைய பரிந்துரை. அகற்றியதோடு நில்லாமல் எஞ்சியதையும் எண்ண வேண்டும் என்று ஹால் நூறாண்டுக்கு முன் வகுத்த முறை, விலங்கைக் கொல்லத் தேவையில்லாத வடிவில் அதில் தொடர்கிறது.